வண்டியும் பெயரும்

பெங்களூர் நகரின் தெற்கெல்லையில், ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கே பரந்து கிடப்பது எலெக்ட்ரானிக் சிட்டி. பிழைப்பு நாடித் தமிழகத்தினின்றும் வந்த நம்மவர் பலர் அங்கே வாழ்கின்றனர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஊர்ப்பெயர் தாங்கி வரும் பேருந்துகளை எதிர்பார்த்து, மேம்பாலத்தின் நிழலில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கும் கூட்டத்தில் யாமும் பலமுறை நின்றதுண்டு. அத்தகைய மாலையொன்றில், எம்முடன் நின்ற எம் சிறுமகன் கடந்து செல்லும் மோட்டார்களின் பின்புறத்தே பொறித்திருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் சென்றபின், "அப்பா, இந்தப் பெயரையெல்லாம் யார் வைக்கிறார்கள்? தமிழில் சொன்னால் இவற்றுக்கு என்ன பொருள்?" என்று வினவினான்.

மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிபவர் யாம். தனிப்பெயரை மொழிபெயர்த்தல் ஆகாது, ஒலிபெயர்த்தல் மட்டுமே செய்தல் வேண்டும் என்பது எம் தொழிலின் முதற்பாடம். ஆதலால் ஒரு பெயர் வரும்போதெல்லாம் அதன் பொருளைப் பற்றி நினையாது, எழுத்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டு அப்பாற் செல்வது எமக்குப் பழகிப்போன செயல். பையனின் வினா எம்மை நிறுத்திவிட்டது. அன்று அவனுக்கு விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடியறிந்தவற்றைத் தொகுத்து இங்கே கூறுகின்றோம்.

முதற்கண், யாம் நின்ற இடத்தின் பெயரையே எண்ணிப் பார்ப்போம். கர்நாடக அரசு 1976-ஆம் ஆண்டில் மின்னணுத் தொழிலை வளர்த்தற்பொருட்டுக் கியோனிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அதன் முதல் தலைவராக விளங்கிய ஆர். கே. பாலிகா என்பவர் ஒரு புதிய தொழில்நகரைக் கனவு கண்டார். கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரு சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கர் பரப்பில் அந்நகர் எழுந்தது. கணிப்பொறிகள் நம் நாட்டில் அரியனவாயிருந்த அந்நாளில், 'எலெக்ட்ரானிக் சிட்டி' என்பது உள்ளதைச் சுட்டிய பெயரன்று; வரவிருப்பதைச் சுட்டிய பெயர். ஒரு தொழிற்சாலை தன் புதிய வண்டிக்குப் பெயரிடுவது போன்றே அவ்வூருக்கும் பெயரிடப்பெற்றது. எனினும் பழைய பெயர்கள் மறைந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரம் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, அவ்வழியிலுள்ள நிலையமொன்றின் பலகையில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் பெயரும் கோணப்பன அக்ரஹாரத்தின் பெயரும் அடுத்தடுத்து நின்றன. யாரோ ஒரு கோணப்பனின் பெயர், உலகறிந்த நிறுவனத்தின் பெயரோடு ஒரே பலகையில் இடம்பெற்றுவிட்டது. பெயர்களின் வலிமை இத்தகையது.

விரைந்து செல்லும் ஊர்திக்குத் தனிப்பெயர் இடும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு பொருத மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஏறுவோனும் ஊர்தியும் ஒரே பெயரால் வழங்கப்பெற்றனர். செஞ்சிக் கோட்டையின் தேசிங்குராசன் 1714-ஆம் ஆண்டில் போரில் மடிந்தான். அவனது குதிரை பாராசாரியின் பெயரை நாட்டுப்புறப் பாடகர் அவன் பெயரோடு சேர்த்தே இன்றளவும் பாடி வருகின்றனர். குதிரை நின்ற இடத்தில் இன்று மோட்டார் நிற்கின்றது. விரைவு ஒன்றனையே தொழிலாகக் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயர்களை நோக்கினால், அன்று குதிரைக்குப் பெயரிட்ட மனித மனமே இன்று மோட்டாருக்கும் பெயரிடுகின்றது என்பது விளங்கும்.

ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் தமிழகத்து ஊர்ப்பெயர்களையெல்லாம் ஆராய்ந்து, நிலம், நீர், குலம், கோயில், கொற்றவன் என வகுத்துக் காட்டினார். அவ்வாறே மோட்டார்ப் பெயர்களையும் வகுத்தல் கூடும். எண்ணால் பெற்ற பெயர், விலங்காலும் காற்றாலும் பெற்ற பெயர், இடத்தால் பெற்ற பெயர், உறவால் பெற்ற பெயர் என நான்கு வகைகளை முதன்மையாகக் கூறலாம்.

எண்ணால் பெற்ற பெயர்கள் பொறியியலாரின் கைவண்ணம். 1948-இல் இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.கே. 120 என்னும் வண்டி மணிக்கு 120 மைல் விரையவல்லது என்பதை அதன் பெயரே பறைசாற்றிற்று. இத்தாலியின் ஃபெராரி நிறுவனத்தார் 1962-இல் செய்த 250 ஜி.டி.ஓ. என்னும் வண்டியில் பன்னிரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். அவ்வெண்ணே பெயராயிற்று. இத்தகைய பெயரில் கற்பனைக்கு இடமில்லை. கணக்குத் தெரிந்தவனுக்கு வண்டியின் நெஞ்சகமே திறந்துவிடும்.

எண்ணிலும் வழக்கு உண்டு என்பது வியப்பான செய்தி. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்னும் புதிய வண்டியைக் காட்சிக்கு வைத்தது. நடுவில் சுழியுடைய மூவிலக்க எண்களைக் காரின் பெயராகக் கொள்ளும் உரிமை தமக்கே உண்டு என்று பிரான்ஸ் தேசத்துப் பெஜோ நிறுவனத்தார் தடை கூறினர். 1964-இல் சுழி நீங்கி ஒன்று புகுந்தது. 901 என்பது 911 ஆயிற்று. வேறு வழியின்றி ஏற்ற அவ்வெண், அறுபது ஆண்டுகட்கு மேலாகியும் உலகின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றன் பெயராக நின்று நிலவுகின்றது.

விலங்கின் பெயர்களுள் முதன்மை பெறுவது காளை. இத்தாலியில் டிராக்டர் செய்து பொருளீட்டிய ஃபெருச்சியோ லம்போர்கினி, ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் புகுந்தபோது காளையைத் தம் சின்னமாக்கிக் கொண்டார். 1966-இல் வந்த அவருடைய வண்டிக்கு மியூரா என்று பெயர். ஸ்பெயின் நாட்டில் பொருகளத்துக் காளைகளை வளர்ப்பதில் பெயர்பெற்ற குடியின் பெயர் அது. பின்னர் வந்த டயப்லோ, மூர்சியேலாகோ என்பனவும் போர்க்காளைகளின் பெயர்களே. காரி, மயிலை, செவலை என்று காளைகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய நமக்கு இது அயலாகத் தோன்றாது. காற்றின் பெயர்களைக் கையாண்டவர் இத்தாலியின் மசெராட்டி நிறுவனத்தார். தென் பிரான்சில் வீசும் மிஸ்ட்ரால், லிபியப் பாலையில் வீசும் கிப்லி, அட்ரியாட்டிக் கடற்கரையில் வீசும் போரா ஆகிய மூன்றும் அவர்களுடைய வண்டிகளின் பெயர்களாயின. நம் நாட்டின் சான் மோட்டார்ஸ் நிறுவனம் சென்ற நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றனைச் செய்து, அதற்கு 'ஸ்டார்ம்' என்று பெயரிட்டது. புயல் என்பதே அதன் பொருள். தென்னாட்டில் ஆண்டுதோறும் புயலைக் காண்கின்றோம். ஆயினும் ஆங்கிலத்தில் அழைத்தால்தான் விரைவு தோன்றும் என்று கருதினர் போலும்.

இடத்தால் பெற்ற பெயர்களுக்குக் கரேரா என்பது தக்க சான்று. மெக்சிகோ நாட்டின் வடகோடி தென்கோடிகளை இணைத்து 1950 முதல் 1954 வரை நிகழ்ந்த கரேரா பனாமெரிக்கானா என்னும் கடும்பந்தயத்தில் போர்ஷே வண்டிகள் தம் பிரிவில் வாகை சூடின. அந்நினைவாகவே கரேரா என்னும் பெயரையும், பிற்காலத்தில் பனமேரா என்னும் பெயரையும் அந்நிறுவனத்தார் சூட்டினர். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு டில்லி மோட்டார் கண்காட்சியில் திலீப் சாப்ரியா என்னும் வடிவமைப்பாளர் அவந்தி என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார். இத்தாலியருக்கு அச்சொல் 'முன்னேறுக' என்று பொருள்படும். சிலப்பதிகாரம் கற்ற தமிழருக்கோ, கரிகாலனுக்குத் தோரணவாயில் அளித்த அவந்தி வேந்தனின் நாடு நினைவுக்கு வரும். ஒரே ஒலி, கேட்பவரின் கல்விக்கேற்ப இரண்டு பொருள்கள். இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுதலே நன்று.

இனி, உறவால் பெற்ற பெயர்களைக் காண்போம். எம் உள்ளத்தைத் தொட்டவை இவையே.

பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில் எமில் யெலினெக் என்றொரு வணிகர் வாழ்ந்தார். ஜெர்மனியின் டைம்லர் தொழிற்சாலையிலிருந்து விரைவு மோட்டார்களை வருவித்துச் செல்வர்களுக்கு விற்பதும், தாமே பந்தயத்தில் ஓட்டுவிப்பதும் அவர் தொழில். வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியியல் மேதை அமைத்த புதிய வண்டி 1901-இல் நீஸ் நகரப் பந்தயங்களில் பெருவெற்றி பெற்றது. யெலினெக் அவ்வண்டிக்குத் தம் சிறுமகளின் பெயரைச் சூட்டியிருந்தார். அப்பெயர் மெர்சிடிஸ். 1902-இல் அது சட்டப்படி வணிகப் பெயராகப் பதிவாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் யெலினெக் தம் பெயரையே மாற்றி, யெலினெக்-மெர்சிடிஸ் என்று வைத்துக்கொண்டார். தந்தையின் பெயரை மகள் தாங்குவது உலகியல்பு. மகளின் பெயரைத் தந்தை தாங்கியது புதுமை.

என்ஸோ ஃபெராரியின் மகன் ஆல்ஃபிரெடோ, வீட்டார் டினோ என்று அழைத்த இளைஞர். தசைகள் நலியும் கொடுநோய்க்கு ஆளாகி, 1956-இல் தம் இருபத்துநான்காம் அகவையில் மறைந்தார். ஆறு சிலிண்டர் பொறியொன்றன் அமைப்பில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பின்னர் அவ்வகைப் பொறி பூண்டு வந்த சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டினோ என்று பெயரிட்ட தந்தை, தொடக்கத்தில் அவ்வண்டிகளின்மேல் ஃபெராரி என்னும் தம் பெயரைப் பொறிக்கவில்லை. மகன் பெயர் தனித்து நிற்க, தம் பெயர் ஒதுங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் 1995-இல் காட்சிக்கு வைத்த எலீஸ் என்னும் வண்டியும் அந்நாளைய தலைவரின் சிறு பேர்த்தி எலிசாவின் பெயரால் வழங்குவதே. அந்நிறுவனத்தின் வண்டிகளுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கும் பெயர் இடுவது மரபு. குழந்தையின் பெயர் மரபுக்கும் பொருந்திவிட்டது.

நம் தமிழகத்திலும் இதற்கு இணையான சான்று உண்டு. இரகுநந்தன் சரண் என்பவர் 1948-இல் மோட்டார் நிறுவனம் ஒன்றனைத் தொடங்கித் தம் மகனின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்று வழங்கினார். பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனம் கூட்டுச் சேர, 1955 முதல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. எண்ணூரிலும் ஓசூரிலும் செய்யப்பெற்று நாடெங்கும் ஓடும் லாரிகளின் நெற்றியில் காண்பது அசோக மன்னனின் பெயர் என்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒரு மகனின் பெயர் அது என்று அறிந்தபின், அந்த லாரிகள் எமக்கு வேறாகத் தோன்றுகின்றன.

ஆயினும் பொதுவாக நோக்கின், சுதந்தரத்துக்குப் பின் நம் நாட்டில் ஓடிய கார்கள் பெரும்பாலும் இரவல் உருவமும் இரவல் பெயரும் கொண்டவை. சென்னையில் 1961 முதல் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது ஆங்கில வண்டியின் பெயரையே தாங்கி வந்தது. ஹெரால்டு எனின் கட்டியங்காரன் என்று பொருள். அந்நாளில் அதனை ஓட்டியவருள் எத்துணைப் பேர் அதனை எண்ணியிருப்பர்! கல்கத்தாவை அடுத்துச் செய்யப்பெற்ற அம்பாசடர், தூதுவன் என்று பொருள்படுவது. பம்பாயில் செய்யப்பெற்ற ஃபியட் வண்டிதான் முதன்முதலில் துணிந்து நம் நாட்டுப் பெயர் பூண்டது. 1974-இல் அது பிரீமியர் பத்மினி ஆயிற்று. சித்தூர்க் கோட்டையின் அரசி பத்மினியின் பெயர் அது. பம்பாயில் வாழ்ந்த நம் தமிழ் மக்களுக்கோ நாட்டியப் பேரொளி பத்மினியின் நினைவு வந்திருக்குமாயின் அதில் வியப்பில்லை. பெயரிட்டவர் எண்ணியது ஒன்று; கேட்டவர் உள்ளத்தில் எழுந்தது மற்றொன்று. பெயர் ஒரு முறை தெருவில் இறங்கிவிட்டால், பிறகு அது தெருவின் உடைமை.

பெயரின் மதிப்பைப் பொருளால் அளக்க விழைவார்க்கு ஒரு கணக்குக் கூறுவோம். அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. 2017-இல் அதன் பெயரை மட்டும் பெஜோ நிறுவனம் விலைக்குப் பெற்றது. வண்டி இல்லை, தொழிற்சாலையும் இல்லை, பெயர் ஒன்றே கைமாறிற்று. விலை 80 கோடி ரூபாய்.

காலமும் பெயரோடு விளையாடும். டாட்டா நிறுவனத்தார் ஒரு சிறு காருக்கு ஸிகா என்று பெயரிட்டு வெளியிட ஆயத்தமாயிருந்த வேளையில், ஸிகா என்றே ஒலிக்கும் நோய்க்கிருமி தென்னமெரிக்காவில் பரவி உலகை அச்சுறுத்திற்று. 2016 பிப்ரவரியில் வண்டியின் பெயர் டியாகோ என மாறிற்று. 2024 நவம்பரில் மகிந்திரா நிறுவனம் சென்னையில் அறிமுகம் செய்த மின்காரின் பெயர் பி.இ. 6இ. '6இ' என்பது தம் விமானங்களின் குறியீடு என்று இண்டிகோ விமான நிறுவனத்தார் டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினர். உரிமையை வழக்கில் நிலைநாட்டுவோம் என்று கூறிய மகிந்திரா நிறுவனம், அதுவரையில் ஓரெழுத்தை நீக்கிப் பி.இ. 6 என்றே விற்பதாக அறிவித்தது. அன்று ஒரு சுழி. இன்று ஓர் எழுத்து.

இவ்வளவும் கூறிய பின், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மீள்வோம். அங்கிருந்து ஓசூர் நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் பொம்மசந்திரம் என்னும் தொழிற்பேட்டை வரும். நம் நாட்டு மோட்டார் வரலாற்றில் அரியதொரு பெயர் பிறந்த இடம் அதுவே.

அமெரிக்காவில் பொறியியல் கற்ற சேத்தன் மைனி என்னும் இளைஞர், மாணவப் பருவத்திலேயே சூரிய ஒளியால் ஓடும் பந்தய வண்டி ஒன்றனை அமைத்த குழுவில் இருந்தவர். மைனி குடும்பத்தாரின் தொழில் நிறுவனம் அமெரிக்க நிறுவனம் ஒன்றனோடு கூடி 1994-இல் மின்கார் முயற்சியைத் தொடங்கிற்று. 2001-இல் பெங்களூரில் அவ்வண்டி விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் வேண்டாத, புகை கக்காத, இரண்டு பெரியவரும் இரண்டு குழந்தைகளும் அமரக்கூடிய சின்னஞ்சிறு வண்டி அது. அதற்கு இட்ட பெயர் ரேவா. சேத்தன் மைனியின் தாயார் பெயர் அது. நருமதை ஆற்றுக்கும் ரேவா என்று வடமொழியில் ஒரு பெயருண்டு. ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியே பிரித்து, மின்வண்டியின் புரட்சியைக் குறிப்பது என்று விரித்துரைத்தவரும் உளர். தாய், ஆறு, புரட்சி எனும் மூன்றும் ஈரெழுத்துள் அடங்கின.

அவ்வண்டி கடல் கடந்தது. இலண்டன் மாநகரில் 2003-இல், நகரின் நடுப்பகுதியில் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கப்பெற்றது. மின்வண்டிகளுக்கு அந்நாளில் அக்கட்டணம் இருக்கவில்லை. ஆதலால் பொம்மசந்திரத்தில் பிறந்த சிறு வண்டிக்கு இலண்டன் தெருக்களில் நல்வரவேற்புக் கிட்டிற்று. ஆனால் அங்கே அதன் பெயர் ரேவா அன்று, ஜி-விஸ். ஆங்கிலச் சிறார் வியப்புற்றால் கூவும் ஒலியை அடியொற்றிய பெயர் அது. லம்போர்கினியின் கவுன்டாஷ் என்னும் பெயரும் இத்தாலியின் பீட்மாண்ட் வட்டாரத்தார் வியந்து கூவும் சொல்லே. அங்கே வண்டியைக் கண்டு வியந்தவர் தம் மொழியில் கூவினர்; இங்கோ வண்டி பிறந்தது ஓரிடம், வியப்பொலி பிறந்தது மற்றோரிடம். தாயின் பெயர் கரையிலேயே தங்கிவிட்டது.

இது புதுமையன்று. ஜப்பானின் நிஸான் நிறுவனத்தார் 1969-இல் தாய்நாட்டில் ஃபேர்லேடி என்னும் பெயரால் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார், அமெரிக்காவில் 240 இசட் என்னும் பெயரோடு விற்கப்பெற்றது. எல்லை கடக்கும்போது பெயரைக் கழற்றி வைப்பது வண்டிகளுக்கும் நேர்வது.

2009-இல் ஃபிராங்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் ரேவா நிறுவனத்தார் இரண்டு புதிய வண்டிகளைக் காட்டினர். ஒன்று குடும்பத்தார்க்குரிய என்.எக்ஸ்.ஆர்.; மற்றொன்று இருவர் மட்டும் அமரும், ஸ்போர்ட்ஸ் கார் சாயலுடைய என்.எக்ஸ்.ஜி. பின்னதன் வடிவமைப்பு, முன்னர்க் கூறிய திலீப் சாப்ரியாவினுடையது. பொம்மசந்திரத்திலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் புறப்படும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2010-இல் நிறுவனத்தின் பெரும்பங்கு மகிந்திராவின் கைக்கு மாறிற்று. என்.எக்ஸ்.ஆர். வண்டி 2013-இல் இ2ஓ என்னும் புதுப்பெயர் பூண்டு வந்தது. சூரியனின் ஆற்றலையும் உயிர்க்காற்றையும் நினைவூட்டும் குறியீடு என்று அதற்கு விளக்கம் கூறினர். என்.எக்ஸ்.ஜி.யோ தொழிற்சாலையை விட்டு வெளிவரவேயில்லை. அதற்கு எழுத்துகள் இருந்தன; ஒரு பெயர் வாய்க்கவில்லை. மகிந்திரா ரேவா என்றிருந்த நிறுவனம் 2016-இல் மகிந்திரா எலெக்ட்ரிக் ஆயிற்று. அத்தோடு ரேவா என்னும் பெயர் பலகையினின்றும் நீங்கியது. எனினும் பெங்களூர்த் தெருக்களில் பழைய ரேவா வண்டி ஒன்று ஓசையின்றி ஊர்ந்து செல்வதைக் கண்டால், முதியவர்கள் இன்றும் "அதோ ரேவா" என்றே கூறுகின்றனர்.

நேயர்களே, வண்டிகளின் கதையை இவ்வளவு விரித்துரைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பெயர் எல்லை கடக்கும்போது நேர்வது என்ன என்பதை வேற்று மாநிலத்தில் வாழும் நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

நம் மரபில் குடும்பப் பெயர் என்பது இல்லை. தந்தையின் பெயரிலிருந்து ஓரெழுத்தை எடுத்துத் தலைப்பெழுத்தாக முன்வைத்து, அதன்பின் நம் பெயரை எழுதுகின்றோம். ஊரை விட்டு வந்து, முதன்முதலாக ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பியபோது, முதற்பெயர், இறுதிப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கண்டு திகைத்தோம். தலைப்பெழுத்தை விரித்தெழுதுக என்றனர். எழுதினோம். அன்று முதல் அலுவலகத்தார் அனைவரும் எம்மை எம் தந்தையின் பெயரால் அழைக்கத் தொடங்கினர். தொடக்கத்தில் அது எமக்கு மனத்தாங்கலாயிருந்தது. எம் பெயரை எவரோ கழற்றிக் கரையில் வைத்துவிட்டதாகவே உணர்ந்தோம். மாற்றித் தருமாறு இருமுறை விண்ணப்பமும் எழுதினோம், பயனில்லை. எம் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது அதே கட்டங்கள் மீண்டும் வந்தன. அவனுடைய இறுதிப்பெயராக நின்றது எம் பெயர்.

யெலினெக்கின் கதையையும், டினோவின் கதையையும், ரேவாவின் கதையையும் அறிந்தபின், அவ்வழைப்பு எம் செவியில் வேறாக ஒலிக்கின்றது. எம் தந்தை தம் வாழ்நாளில் தருமபுரி மாவட்டத்தைத் தாண்டியவரல்லர், பெங்களூரைக் கண்டதுமில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. ஆயினும் அவர் பெயர், நாள்தோறும் காலை பத்து மணிக்கு, அவர் அறியாத ஊரில், அவர் அறியாத மொழி பேசுவோர் வாயில் ஒலிக்கின்றது. கன்னடர் ஒருவர் அப்பெயரின் இறுதியை நீட்டிக் கூறுகின்றார். வங்காளி ஒருவர் அதன் முதலெழுத்தை வட்டமாக்கிக் கூறுகின்றார். எவ்வாறு கூறினும் அழைப்பது அவரையே. யாம் இப்போதெல்லாம் திருத்துவதில்லை. "இதோ வந்தேன்" என்று எழுந்து செல்கின்றோம்.

கடந்த மாதம் மீண்டும் அதே மேம்பாலத்தின் அடியில், அதே பேருந்துக்காக நின்றோம். மகனுக்குப் பழைய வினாவின் விடையை இயன்றவரை எடுத்துரைத்தோம். முழுதும் கேட்டுவிட்டு அவன், "நான் பெரியவனாகி ஒரு கார் செய்தால் அதற்குத் தாத்தா பெயரை வைக்கலாமா?" என்றான். எல்லை கடந்தால் அப்பெயரை மாற்றச் சொல்வார்களே என்றோம். அவன் சற்று யோசித்து, "அங்கேயும் அப்படியே எழுதிக் கொடுங்கள், அப்பா, உங்கள் வேலை அதுதானே?" என்றான்.

தனிப்பெயரை மொழிபெயர்த்தல் ஆகாது என்னும் எம் தொழிலின் முதற்பாடம், அன்று எமக்குப் புதிதாக விளங்கிற்று.